பன்மொழியமும் புலம்பெயர்வும் படிக்கப் போகலாமா? பந்தடித் தெருத் தம்பிக்கு ஒரு பதில்

பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீடு மதுரையில், மகாலை ஒட்டிய பந்தடித் தெருக்களில் ஒன்று. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஐரோப்பாவில் மூன்று நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு முதுகலைப் படிப்புகளில், பன்மொழியமும் புலம்பெயர்வும் சேர்ந்த ஒன்றைப் படிக்க ஆசை. அது என்ன படிப்பு, உதவித்தொகை கிடைக்குமா, படித்துவிட்டு வந்தால் வேலை உண்டா என்று மூன்று கேள்வி. மூன்றாவது அப்பாவின் கேள்வி என்று அவரே சொல்லிவிட்டார். கடைசியில் ஒரு வரி: "விண்ணப்பத்தில் எழுத என்னிடம் என்ன அக்கா இருக்கிறது? நான் திருச்சியைத் தாண்டிப் போனதில்லை."

தம்பி, அந்த வரிக்குத்தான் முதலில் பதில். மற்றதெல்லாம் அப்புறம்.

நானும் இப்படி ஒரு கூட்டுப் படிப்பை முடித்தவள்தான். எங்களுக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ், கல்லூரிக்கு வந்தபின் ஆங்கிலம். ஐரோப்பாவுக்குப் போன முதல் வாரம் வகுப்பில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு மனித உருவத்தின் வெளிக்கோடு மட்டும் வரைந்திருந்தது. உங்கள் மொழிகளுக்கு ஆளுக்கொரு நிறம் கொடுத்து, அது உடம்பில் எங்கே இருக்கிறதோ அங்கே தீட்டுங்கள் என்றார்கள். மொழி உருவப்படம் என்பது இதன் பெயர். வியன்னா ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த முறை. நான் தெலுங்கைக் காதிலும் வாயிலும் தீட்டினேன், கையில் தீட்டவில்லை. அவ்வா பேசிக் கேட்ட தெலுங்கு அது. எனக்கு எழுதத் தெரியாது. பக்கத்தில் இருந்த போலந்துப் பெண், "உங்கள் குடும்பம் எப்போது குடிபெயர்ந்தது?" என்று கேட்டாள். "நானூறு, நானூற்றைம்பது வருஷம் இருக்கும்" என்றேன். வகுப்பு சிரித்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்ததும் பேராசிரியர் கேட்டார்: "அப்படியானால் நீ எத்தனையாவது தலைமுறை?" நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இந்தத் துறையில் தலைமுறைக் கணக்கு பெரும்பாலும் மூன்றோடு முடிந்துவிடும். வந்து இறங்கியவர் தாய்மொழியோடு இருப்பார், அவர் பிள்ளை இரண்டு மொழி பேசும், பேரப்பிள்ளை போன இடத்து மொழியை மட்டும் பேசும். அமெரிக்காவுக்குப் போன ஐரோப்பியர்களைப் பார்த்து உருவான கணக்கு இது. பிரபோத் பண்டித் என்ற குஜராத்தி மொழியியலாளர் 1972இலேயே இதைத் திருப்பிப் போட்டார். அங்கே மொழியை விட்டுவிடுவது இயல்பு, வைத்துக்கொண்டால்தான் காரணம் தேட வேண்டும். இந்தியாவில் வைத்துக்கொள்வது இயல்பு, விட்டுவிட்டால்தான் காரணம் தேட வேண்டும் என்பது அவர் வாதம். இதை அவர் எந்த மொழிகளை வைத்து யோசித்தார் தெரியுமா? அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று உங்கள் வீட்டு மொழி. தமிழும் சௌராஷ்டிரமும் ஒரே ஆளின் வாயில் நூற்றாண்டுக் கணக்காகக் குடியிருந்ததில் சௌராஷ்டிர இலக்கணம் எப்படித் தமிழின் பக்கம் சாய்ந்தது என்று எழுதியிருக்கிறார். சொல் வடக்கே இருந்து வந்தது, வாக்கியத்தின் நடை வைகைக்கரையில் பழகியது. இதற்கு ஒரு வருடம் முன்னால், 1971இல், கம்பர்ஸ், வில்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மகாராஷ்டிர எல்லையில் குப்வார் என்ற கிராமத்தைப் பற்றி இதே மாதிரி எழுதினார்கள். கன்னடம், மராத்தி, உருது மூன்றிலும் சொற்கள் வேறுவேறு, வாக்கிய அமைப்பு கிட்டத்தட்ட ஒன்று. இந்த இரண்டும் இன்றைக்கும் மொழித்தொடர்பு பற்றிய பாடங்களில் அடிபடுகின்றன.

ஆக, திருச்சியைத் தாண்டாத நீங்கள் ஏற்கெனவே பாடத்தில் இருக்கிறீர்கள். அங்கே போய் "பன்மொழியம் என்றால் என்ன என்று கற்க வந்தேன்" என்று எழுதுகிற விண்ணப்பத்துக்கும், "நானூறு வருடம் தாங்கிய மொழி என் தங்கை வாயில் ஏன் நிற்கவில்லை" என்று கேட்கிற விண்ணப்பத்துக்கும் தேர்வுக் குழு எப்படி மதிப்பெண் போடும் என்று நீங்களே யோசியுங்கள்.

உங்கள் தங்கையை எனக்குத் தெரியாது, ஊகம்தான். ஆனால் கீழவாசல், முனிச்சாலை, லட்சுமிபுரம் என்று நான் பழகிய வீடுகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பாட்டியும் அம்மாவும் சௌராஷ்டிரத்தில் பேசுகிறார்கள், பிள்ளை தமிழில் பதில் சொல்கிறது, வீட்டுப்பாடத்துக்கு ஆங்கிலம். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நாயக்கர் காலத்திலிருந்து தமிழ் அழிக்காத ஒன்றை இருபது வருட ஸ்கூல் ஃபீஸ் அழித்துக்கொண்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இதை நிரூபிக்க வேண்டும், அல்லது தவறு என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் முறையான படிப்பு.

சரி, அது என்ன படிப்பு?

மொழியியலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒலியன், உருபன் என்று ஒலியையும் சொல்லின் உறுப்புகளையும் பிரித்துப் பார்ப்பது குறைவாகத்தான் வரும். மொழியைச் சமூகத்தோடு வைத்துப் பார்க்கிற சமூகமொழியியல் பாதி; மீதி சட்டம், மானுடவியல், கல்விக்கொள்கை என்று கலந்துகட்டி. கணக்கெடுப்பில் மொழியை எப்படிக் கேட்கிறார்கள், கடைப் பலகைகளில் எந்த மொழி மேலே எது கீழே, பள்ளிக்கூடத்தில் வந்தேறிகளின் பிள்ளைகளை எந்த வகுப்பில் உட்கார வைக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் எட்டு வயதுப் பிள்ளை அம்மாவின் நோயை டாக்டரிடம் எப்படிச் சொல்கிறது: இப்படித்தான் தலைப்புகள் இருக்கும்.

கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2,47,702 பேர். ஆனால் அந்த எண்ணைத் தேடினால் தனி மொழியாகக் கிடைக்காது. குஜராத்தி என்ற தலைப்பின் கீழே ஒரு வரியாக இருக்கும். அந்த ஆண்டு மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அலசிச் சேர்த்து 1,369 ஆக்கினார்கள், அவற்றைத் தொகுத்து 121 மொழி என்று வெளியிட்டார்கள். உங்கள் பாட்டிக்கும் அகமதாபாத்காரருக்கும் பேச்சு புரியுமா புரியாதா என்பது அந்த அட்டவணைக்குக் கவலையில்லை. ஜெர்மனியில் வேறு மாதிரி. அங்கே 2005இலிருந்து "குடிபெயர்வுப் பின்னணி கொண்டவர்" என்று ஒரு வகை வைத்து எண்ணினார்கள். தானோ தாய் தந்தையில் ஒருவரோ பிறக்கும்போது ஜெர்மன் குடியுரிமை இல்லாதவராக இருந்தால் அந்தக் கட்டத்தில் வருவார். வீட்டில் முக்கியமாகப் பேசும் மொழி எது என்ற கேள்வியோ 2017இல்தான் வந்தது. முக்கியமான மொழி, ஒருமை! நம் கணக்கெடுப்பில் தாய்மொழியோடு தெரிந்த வேறு இரண்டு மொழிகளையும் கேட்பார்கள். மூன்றோடு நிறுத்திவிடுகிறார்களே என்று நமக்குக் குறை; இரண்டாவதுக்கே அங்கே அப்போது இடமில்லை. இந்த இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். அது இங்கேயே உட்கார்ந்து கிடைக்காத படிப்பு.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

ஐரோப்பாவில் தஞ்சம் கேட்டு ஒருவர் வருகிறார், கையில் ஆவணம் இல்லை. நான் இன்ன நாட்டுக்காரன் என்கிறார். உண்மைதானா என்று பார்க்க அவரைப் பேசவைத்துப் பதிவு செய்து, பேச்சை ஆராய்ந்து, ஊர் எது என்று அறிக்கை தருவார்கள். 1990களில் ஸ்வீடன் போன்ற நாடுகளில் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் பரவியது. தகுதி இல்லாதவர்களெல்லாம் அறிக்கை எழுதுகிறார்கள் என்று கண்டு, 2004இல் மொழியியலாளர்கள் குழு ஒன்று இதற்கு வழிகாட்டு நெறிகள் வகுத்தது. ஒருவர் பேச்சு அவர் எங்கே வளர்ந்து பழகினார் என்பதைக் காட்டலாம், எந்த நாட்டுக் குடிமகன் என்பதைக் காட்டாது என்பது அதன் சாரம். 2017இல் ஜெர்மனி வட்டாரவழக்கை அடையாளம் காண ஒரு மென்பொருளையே கொண்டுவந்தது.

இதை வகுப்பில் கேட்டபோது எனக்கு மதுரைப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கிற ஆனையூரும் உச்சப்பட்டியும் நினைவுக்கு வந்தன. உச்சப்பட்டி எங்கள் ஊர்ப் பக்கம்தான். அங்குள்ள முகாமிலிருந்து என்னோடு படித்தவள் வீட்டில் "கதைப்பாள்", பள்ளிக்கூடத்துக்கு வந்தால் "பேசுவாள்". வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி ஒரு சொல்லைக் கழற்றிவிட்டு வருவாள். முகாமிலேயே இன்னும் சில குடும்பங்கள் இலங்கையின் மலையகத்திலிருந்து வந்தவை. நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் நம் மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள். 1964இல் இலங்கையோடு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்னது. அந்தக் கணக்குக்குள் வந்தும் வராமலும் போனவர்களில் பலர் பிறகு கலவரத்துக்குப் பயந்து படகேறி வந்தார்கள். அவர்கள் தமிழ் நம் தமிழோடு இன்னும் நெருக்கம்.

2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இப்படிப்பட்ட 65 பேரின் குடியுரிமை வழக்கில் தீர்ப்பு வந்தது. அவர்கள் மனுக்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இவர்கள் இந்த மண்ணில் வேர் கொண்டவர்கள், நம் மொழி பேசுகிறவர்கள் என்ற நியாயமும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பார்த்தீர்களா? ஐரோப்பாவில் ஒருவரின் பேச்சைக் கேட்டு "நீ அந்த ஊர்க்காரன் இல்லை" என்று சொல்லப் பயன்படுத்துகிற சான்றை, அந்தக் கிளை இருக்கிற ஒத்தக்கடையில் "நீ இந்த ஊர்க்காரன்தான்" என்று சொல்லப் பயன்படுத்தினார்கள். எனக்கு இரண்டிலும் சங்கடம் உண்டு. பேச்சு மாறிப்போன பிள்ளைக்கு என்ன பதில்? சென்னைத் தமிழ் பேசுகிற யாழ்ப்பாணத்துப் பேரனுக்கு? அந்தக் கேள்விதான் என் ஆய்வேடாக மாறியது.

அதே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். நம்மூர் முகாமில் அவர்களுக்குத் தமிழ்ப் பள்ளிக்குக் குறைவில்லை, ஆனால் அவர்கள் தமிழுக்கு அதில் இடமில்லை. சுரேஷ் கனகராஜா என்ற பேராசிரியர், அவரும் யாழ்ப்பாணத்துக்காரர், லண்டன், டொரண்டோ, கலிபோர்னியா தமிழ்க் குடும்பங்களில் மொழி எப்படிக் கைமாறுகிறது அல்லது மாறாமல் நின்றுபோகிறது என்று 2008இல் எழுதியிருக்கிறார். படித்துப் பாருங்கள். ஆனையூரையும் ஆஸ்லோவையும் ஒப்பிட்டு யாராவது ஒருவர் எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஒன்று மட்டும்: முகாமுக்குள் நினைத்த நேரத்தில் போய்ப் பேட்டி எடுக்க முடியாது, அரசு அனுமதி வாங்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவும் ஒப்ப வேண்டும். ஆறு மாதத்தை அதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது பணம்.

ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுக்கிற எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலை என்பதுதான் இதில் பெரிய கதவு. 2004இல் தொடங்கியது, இந்திய மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் கணிசமாகப் போகிறார்கள். குறைந்தது மூன்று நாடுகளின் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்த வேண்டும், மாணவர் குறைந்தது இரண்டு நாட்டில் படிக்க வேண்டும் என்பது விதி. உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது, காப்பீடும் அவர்கள் பொறுப்பு. கைக்கு மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். விமானச் செலவு, விசா, வாடகை, சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். சின்ன ஊர் என்றால் மிச்சம் பிடிக்கலாம்; ஸ்கேண்டிநேவியப் பக்கம் போனால் மாதக் கடைசியில் ரசம் சாதம்தான். முன்பு மூன்று படிப்புக்கு மேல் விண்ணப்பிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது, இப்போது இல்லை. அதற்காகப் பத்துக்குப் போடாதீர்கள்; ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பியது படிக்கிறவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

ஐரோப்பாவில் கூட்டுப் படிப்பு என்றாலே இந்த உதவித்தொகை உண்டு என்று நினைக்க வேண்டாம். மைன்ஸ், ஸ்டாக்ஹோம், தார்த்து, கவுனாஸ் என்று நான்கு ஊர்ப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சமூகமொழியியலும் பன்மொழியமும் என்று ஒரு படிப்பை உருவாக்கின. தலைப்பு உங்களுக்காகவே வைத்த மாதிரி இருக்கும். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் எம்மிர் என்ற படிப்பு 2011இல் தொடங்கியது. ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களும் அதில் உண்டு. ஆனால் அதில் புலம்பெயர்வுதான் மையம், மொழி நீங்கள் கொண்டு போக வேண்டியது. ஒவ்வொன்றிலும் அந்த வருடம் பணம் உண்டா என்று அந்தந்தப் படிப்பின் பக்கத்திலேயே பாருங்கள். பெயரில் மொழி இருப்பதால் ஏமாறவும் வேண்டாம்: கணினிமொழியியல், மருத்துவ மொழியியல் இரண்டிலும் நல்ல கூட்டுப் படிப்புகள் இருக்கின்றன, அவை வேறு உலகம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வரி. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்விக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு, ஆனால் 2022இல் அதில் ஒரு வெட்டு விழுந்தது: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு இல்லை என்றார்கள். மதுரையைப் பற்றி ஆராயப் போகிறேன் என்று எழுதினால் அங்கே கதவு மூடும். எனக்கு அது கோபம் தருகிற விதி, ஆனாலும் விதி.

காகித வேலை. விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபரில் திறந்து ஜனவரியில் மூடும். கடைசி வருடத்தில் இருக்கும்போதே போடலாம், ஆனால் சேரும்போது பட்டம் கையில் வேண்டும். அரியர் எதுவும் இருந்தால் இந்த செமஸ்டரிலேயே தட்டிவிடுங்கள். ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ் தேர்வில் 6.5 என்பது பொதுவாகக் கேட்கிற அளவு, மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். விசாவை முதல் நாட்டுக்கு எடுத்தால் போதும். டென்மார்க், அயர்லாந்து நீங்கலாக ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் இப்படிப்பட்ட படிப்புக்காக இரண்டாவது நாட்டில் 360 நாள் வரை இருக்க ஒரு பொதுச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் அறிவிப்பு கொடுக்க வேண்டும், அதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் பார்த்துக்கொள்ளும். உதவித்தொகைக் கடிதம் இல்லாமல் சொந்தக் காசில் ஜெர்மனி போகிறவர்கள் ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கில், அதாவது முன்பே போட்டுவிட்டு மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அப்பாவிடம் இதையும் சொல்லிவிடுங்கள், தறியையோ வீட்டையோ அடமானம் வைக்கிற யோசனை வரக் கூடாது.

அப்புறம் இனிஷியல். சிரிக்காதீர்கள், என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் எனக்குக் காலி. அங்கே போய் வீட்டு முகவரியைப் பதியப் போன அலுவலகத்தில், குடும்பப்பெயர் இல்லாத ஆளைக் கணினி ஏற்க மாட்டேன் என்றது. அந்த அம்மா என்னிடம் "உங்கள் தாத்தாவின் குடும்பப்பெயர் என்ன?" என்று கேட்டார். அவருக்கும் இனிஷியல்தான் என்றேன். மூன்று தடவை போனேன். கடைசியில் என் பெயரே குடும்பப்பெயராகவும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடும் விழுந்தது. வங்கி அட்டையில் அந்தக் கோடு கூட இல்லை. உங்கள் பக்கம் வீட்டுப்பெயர் என்று ஒன்று வழங்குகிறது, ஆனால் சான்றிதழில் ஏறியிருக்காது. பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டம், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு கேட்பார்கள். "நீயே எழுதிக்கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பது நம்மூர் வழக்கம். வேண்டாம். இரண்டு கடிதமும் ஒரே கையால் எழுதியது என்பது சொற்களிலேயே தெரிந்துவிடும். உங்களுக்கு நிஜமாகப் பாடம் எடுத்த ஆசிரியரிடம் நீங்கள் எழுதிய ஒரு கட்டுரையைக் கொடுத்து, இதைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள் ஐயா என்று கேளுங்கள். பெரிய பதவிக்காரரின் வெற்றுப் புகழ்ச்சியைவிட அது மேல்.

எந்தப் படிப்பு என்று தேர்ந்தெடுக்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இரண்டாம் வருடம் எந்த ஊர் என்று பாருங்கள். ஆய்வேடு அங்கேதான் நடக்கும். அந்த ஊர் மொழியை முதல் நாளிலிருந்தே படிக்கத் தொடங்குங்கள். வகுப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் புலம்பெயர்வு படிக்க வந்தவர் வந்த ஊரின் மொழியில் ஒரு கிலோ வெங்காயம் வாங்கத் தெரியாமல் இரண்டு வருடம் ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நம் மாசி வீதி ஹோட்டலில் மேசை துடைக்கிற வடமாநிலப் பையன் மூன்றே மாதத்தில் "அண்ணே, இலை போடவா?" என்கிறான். அவனிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். பொறியியல் மாதிரி வளாகத்துக்கு வந்து வேலை கொடுக்கிற படிப்பு இது இல்லை. என்னோடு படித்தவர்களில் மூன்று வழி பார்த்தேன். சிலர் அங்கேயே முனைவர் பட்டத்துக்குப் போனார்கள். பல நாடுகளில் அது சம்பளத்தோடு வருகிற வேலை. சிலர் தொண்டு நிறுவனங்களுக்கும் ஐ.நா. சார்ந்த அமைப்புகளுக்கும் போனார்கள். நம் பக்கம் சென்னையில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலகம் உண்டு, இலங்கை அகதிகளுக்காக 1984இல் தொடங்கிய ஆஃபர் அமைப்பு உண்டு. இடங்கள் குறைவு, ஆனால் தமிழும் சட்டமும் களமும் தெரிந்த ஆளும் குறைவு. மூன்றாவது வழி என்னுடையது: திரும்பி வந்து கற்பிப்பது. மொழியியலில் நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதலாம். அதற்கும் அரசு வேலைக்கும் வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வேண்டும். முன்பு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் கொடுத்தது. 2025இல் யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு இதற்குத் தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. கூட்டுப் படிப்பில் சில இடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே பட்டம் தருவார்கள், சில இடத்தில் ஆளுக்கொன்று தருவார்கள். எது என்று சேரும் முன்பே கேட்டு வையுங்கள், சமநிலைச் சான்றுக்குப் போகும்போது உதவும். முதல் இரண்டு வருடம் எனக்கு நிரந்தர வேலை இல்லை. ஜெர்மன் வகுப்பு எடுத்து ஓட்டினேன். செவிலியர் வேலைக்குப் போகிற பிள்ளைகள் மதுரையிலும் நிறைய இருப்பதால் அதற்குக் கிராக்கி உண்டு. இதை அப்பாவிடம் மறைக்க வேண்டாம்.

கடைசியாக, விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன் ஒரு வேலை. பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ உட்காருங்கள், தறி ஓட்டியவர், சுங்குடி முடிச்சுப் போட்டவர் யாராக இருந்தாலும் சரி. கேட்டு அனுமதி வாங்கிவிட்டு போனில் அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். தறியின் உறுப்புகளுக்கும் முடிச்சின் வகைகளுக்கும் சௌராஷ்டிரத்தில் என்ன சொல்வார்கள் என்று மட்டும் கேளுங்கள். எந்தச் சொல் வடக்கிலிருந்து வந்தது, எது தமிழ், எது தெலுங்கு என்று அவர்களே சண்டை போடுவார்கள், அதையும் நிறுத்தாமல் பதியுங்கள். பிறகு ஈலான் என்ற இலவச மென்பொருளில் போட்டு ஐந்து நிமிடத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதுவீர்களோ, தேவநாகரியிலோ, 2008இல் யூனிகோடில் ஏறிய சௌராஷ்டிர எழுத்திலோ, உங்கள் இஷ்டம். எதில் எழுதினாலும் எங்கேயாவது இடிக்கும், அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். ஐந்து நிமிடப் பேச்சை எழுத ஒரு முழுச் சனிக்கிழமை போகும். சலிப்பாக இருந்தால் தப்பில்லை, வேறு படிப்பு பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் அதிலேயே உட்கார்ந்திருந்தீர்கள் என்றால் அந்த ஐந்து நிமிடத்தை எனக்கு அனுப்புங்கள். கடிதத்தை அதிலிருந்து தொடங்கலாம்.